தமிழில் தேடினால் மட்டும் 'முடிவுகள் இல்லை': நான் சரிசெய்த விதம்

எங்கள் மின்னூலகத்தில் பல மொழி நூல்கள் உண்டு, ஆனால் தமிழில் தேடுகிறவர்களுக்குத்தான் அடிக்கடி 'முடிவுகள் இல்லை' என்று வந்துகொண்டிருந்தது. தேடல் பதிவுகளில் வெறுங்கையோடு திரும்பிய சொற்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். நூல் இருக்கிறது, எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோல்தான் தெரிகிறது, கணினிக்கு மட்டும் வேறு! எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுக்கியும் வைக்கலாம். நூல்களின் தேடல் அட்டவணை, வாசகர் தட்டும் தேடல் சொல் இரண்டுக்கும் என்எஃப்சி இயல்பாக்கம் (இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு முறை) போட்டதும் இது தீர்ந்தது. ஒரு பக்கம் மட்டும் போட்டால் பயனில்லை.

ஔகாரம்தான் அடங்கவில்லை. 'கௌரவம்' என்பதை 'கெ', 'ள' என்று தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது, தொடவும் கூடாது, ஏனென்றால் 'ள' உண்மையிலேயே தனி எழுத்தாக வரும் 'கெளுத்தி' (மீன்) போன்ற சொற்களும் இருக்கின்றனவே. அதனால் மூலத்தைத் திருத்தாமல் இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேட வைத்தேன்.

அப்புறம் இடைமுக மொழியையும் நூல் மொழியையும் தனித்தனித் தேர்வாகப் பிரித்தேன். ஆங்கில மெனுவை வைத்துக்கொண்டு தமிழ் நூல் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

சோதனைக்கு, இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த நூல்களை வாசகர்களையே தட்டச்சு செய்து தேடச் சொல்லி, முதல் 10 முடிவுகளுக்குள் வருகிறதா என்று பார்க்கிறேன். மொழிவாரியாகத்தான் கணக்கிடுகிறேன், மொத்தச் சராசரியில் தமிழின் கோளாறு சுலபமாக மறைந்துவிடும்.