சீனியர்களை விற்று அணியைக் கட்டும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

அணியில் இருபது வயதை ஒட்டிய ஒரு பையன். அடுத்த பத்து வருடத்துக்கு இவன்தான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. கூடவே, முப்பதைத் தாண்டி, வருடத்துக்கு மூன்று நான்கு கோடி டாலர் வாங்கும் சீனியர்கள். அவர்களை விற்றுவிட்டுப் பையனைச் சுற்றிக் கட்டலாம் என்று என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் எந்த அணி நிர்வாகத்துக்கும் தோன்றும். யோசனையில் தப்பில்லை. விற்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நாள் கடத்துவது முதல் தவறு. மினசோட்டாவில் கார்ல்-அந்தோனி டவுன்ஸ் என்ற இளம் நட்சத்திரம் இருந்தார். 2018 செப்டம்பரில் சீனியரான ஜிம்மி பட்லர் தன்னை வேறு அணிக்கு அனுப்பச் சொன்னார். நிர்வாகம் இழுத்தடித்தது, பயிற்சியில் நடந்த சண்டை செய்தியானது. நவம்பரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியபோது முதல் சுற்றுத் தேர்வு ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட், அதன் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமைதான் முதல் சுற்றுத் தேர்வு. மாட்டை இன்றைக்கே விற்றாக வேண்டும் என்று சந்தைக்கே தெரிந்துவிட்டால் தரகர் என்ன விலை கேட்பார்?

அவசரம் இதற்கு நேர் எதிரான தவறு. 2019-இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கைக் கொடுத்து ஹூஸ்டனிடமிருந்து கிறிஸ் பாலை வாங்கியது. கூடவே முதல் சுற்றுத் தேர்வுகளும் வந்தன. பாலுக்கு அப்போது 34 வயது, ஒப்பந்தத்தில் மீதி மூன்று வருடம், சுமார் 12 கோடி டாலர். இவரைத் தள்ளிவிட நாம்தான் கைக்காசு போட வேண்டியிருக்கும் என்றே பலர் பேசினார்கள். தண்டர் அவசரப்படாமல் அவரை ஆடவிட்டது. அந்த சீசனில் பால் லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார், அணி 44 ஆட்டங்களில் வென்று கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. 2020 நவம்பரில் ஃபீனிக்ஸ் அவருக்காக வீரர்களையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. சுமை என்று நினைத்தவருக்கு ஒரே வருடத்தில் விலை ஏறிவிட்டது. இளம் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அந்த வருடம் முழுக்கப் பால் பக்கத்தில் நின்று ஆடினார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேர்வு கிடைத்தது என்று துள்ளுமுன் அதன் நிபந்தனையைப் படிக்க வேண்டும். 2020 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் சீனியர் அல் ஹார்ஃபோர்டை வாங்கி அவருடைய பெரிய சம்பளத்தைச் சுமக்கத் தண்டர் ஒப்புக்கொண்டது, அதற்காக ஃபிலடெல்ஃபியா 2025 முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. ஆனால் அது முதல் ஆறு இடங்களுக்குள் வந்தால் கொடுத்தவருக்கே. 2025-இல் மூன்றாம் இடம் வந்தது, ஃபிலடெல்ஃபியாவே வைத்துக்கொண்டது.

அடுத்து, பையனைச் சுற்றிப் பையன்களாகவே நிறைப்பது. எனக்கு இதுதான் ஆகப் பெரிய தவறாகப் படுகிறது. டெட்ராய்டின் இளம் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாமுடன் ஆடியவர்களில் பெரும்பாலோர் அவரைப் போலவே கற்றுக்கொண்டிருந்தவர்கள். 2023-24 சீசனில் தொடர்ச்சியாக 28 தோல்வி, மொத்தமே 14 வெற்றி. தோற்றால் டிராஃப்டில் முதலிடம் கிடைக்குமே என்பார்கள். ஆனால் முதலிடம் குலுக்கலில்தான் கிடைக்கும், 2019-இல் வந்த விதிப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் அந்த வாய்ப்பு ஆளுக்கு 14 சதவீதம்தான். 2023, 2024 இரண்டு வருடமும் லீகிலேயே கடைசியாக வந்த டெட்ராய்டுக்கு இரண்டு முறையும் கிடைத்தது ஐந்தாம் இடம். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை.

அப்புறம்தான் டோபியாஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று அனுபவசாலிகளைக் கொண்டுவந்தார்கள், பயிற்சியாளரையும் மாற்றினார்கள். மறு சீசனில் 44 வெற்றி. தூரத்திலிருந்து பந்து போடத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்தான் கன்னிங்ஹாமுக்குக் கூடை நோக்கிப் புக வழி கிடைக்கும். நல்ல வீரனானாலும் ஐந்து பேர் அடைத்து நிற்கும் இடத்தில் என்ன செய்வான்?

கடைசியாக, தேர்வுகளின் எண்ணிக்கையில் மயங்குவது. 2019-இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்கு விற்றபோது தண்டருக்கு ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள் வந்தன. தலைப்புச் செய்தி அதுதான். அதில் ஒன்றில்தான் 2022-இல் 12-ஆவதாக ஜேலன் வில்லியம்ஸை எடுத்தார்கள், அது வேறு. ஆனால் அந்த விற்பனையில் இன்னும் 21 வயது நிரம்பாத ஒரு பையனையும் கேட்டு வாங்கியிருந்தார்கள். அவர்தான் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். நடுவில் 22 வெற்றி, 24 வெற்றி என்று இரண்டு மோசமான சீசன்கள் போயின. 2025-இல் தண்டர் கோப்பையை வென்றபோது லீகின் சிறந்த வீரர் விருதும் இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் விருதும் அவர் கையில் இருந்தன.