நைரோபியில் மத்தாத்து ஏறுவது எப்படி?

சிங்கப்பூரில் போல அட்டையைத் தட்டிவிட்டு ஏறலாம் என்று நினைத்து கென்யாவின் நைரோபிக்குப் போகாதீர்கள். அங்கே மத்தாத்து எனும் தனியார் வேன்தான் எல்லாம், பலவற்றில் 14 இருக்கை, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், அதனால் காலி வண்டியில் முதல் ஆளாக உட்காராமல் நிரம்பப் போகிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். கட்டணத்தை ஏறும் முன்பே கேளுங்கள். மழை பெய்தால் கூடிவிடும். 50, 100 ஷில்லிங் நோட்டுகளாக மாற்றி வைப்பது ரொம்ப முக்கியம். நடத்துநர் நீளவாக்கில் மடித்த நோட்டுகளை விரல்களுக்கிடையே செருகிக்கொண்டு வருவார், பெரிய நோட்டு நீட்டினால் மீதி உடனே வராது, இறங்கும் முன் கேட்டு வாங்குங்கள். பல வண்டிகளில் எம்பெசாவும், அதாவது போன் வழியாக அனுப்பும் பணமும், எடுப்பார்கள். ஜன்னலோரம் போனை எடுக்கவே வேண்டாம். அப்புறம், இறங்கும் இடத்தை நடத்துநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவர் கூரையைத் தட்டினால் வண்டி நிற்கும்.