டொக்ஸ் ரிவியூ செய்யிறது எப்பிடி: ஏழாவது படியில நிண்டு போன ஒரு பக்கத்தில இருந்து படிச்சது

போன வருஷம் ஒரு ஓப்பன் சோர்ஸ் தளத்தின்ட டொக்ஸ்ல (எப்பிடிப் பாவிக்கிறது எண்டு சொல்லுற பக்கங்கள்) இருக்கிற இன்ஸ்டோல் பக்கத்த நான் ரிவியூ செஞ்சு, நாலஞ்சு எழுத்துப்பிழை திருத்தி, அப்ரூவும் குடுத்தன். ரெண்டு நாளால கிண்ணியாவில இருந்து ஒரு தங்கச்சி கோல் எடுத்தா. "அக்கா, நீங்க பார்த்த பக்கம்தானே, அதில இருக்கிற மாதிரியே செஞ்சன், ஏழாவது படியில டேட்டாபேஸ் கனெக்ட் ஆகுதில்ல, மூண்டு தரம் முதல்ல இருந்து செஞ்சிட்டன், போட்ட டேட்டாவும் முடியப் போகுது" எண்டு. போன்லயே ஒரு மணித்தியாலம் இருந்து தேடினம். டேட்டாபேஸ் முகவரிய ஒரு என்விரோன்மென்ட் வேரியபிளா (புரோகிராம் வாசிக்கிறதுக்கு மெஷின்ல பேர் போட்டு வைக்கிற விவரம்) முதல்லயே வைக்கோணும், அது பக்கத்தில எங்கயுமே இல்ல. என்ட லெப்டொப்ல அத நான் எப்பவோ வச்சது, எழுதினவர்ட மெஷின்லயும் கட்டாயம் இருந்திருக்கும், அதால எங்க ரெண்டு பேருக்கும் பக்கம் சரியாத்தான் தெரிஞ்சிது. அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் அது பிழை, ஆனா அந்தப் பக்கம் எழுதினதே அவவப் போல புதுசா வாற ஆக்களுக்கு.

அதுக்குப் பிறகு நான் ரிவியூ செய்யிற விதத்தையே மாத்திட்டன், அதத்தான் இங்க எழுதுறன். புல் ரிக்குவெஸ்ட் திறக்கிறது, மார்க்டவுன் எழுதுறது எல்லாம் உங்களுக்குத் தெரியும் எண்டு வச்சுக்கொண்டு நேரா விஷயத்துக்கு வாறன்.

முதல் படி: இது என்ன வகைப் பக்கம்?

திருத்த முதல் இதக் கேளுங்க. டியாடாக்சிஸ் எண்டு ஒரு முறை இருக்கு, அது டொக்ஸ நாலாப் பிரிக்கும்: கைபிடிச்சுப் பழக்கிற பாடம், ஒரு வேலைய முடிக்க வழி காட்டுறது, தகவல் தேடிப் பார்க்கிற பட்டியல், ஏன் எப்பிடி எண்டு விளக்கிறது. இன்ஸ்டோல் பக்கத்துக்கு நடுவில அரைப்பக்கம் "எங்கட ஆர்க்கிடெக்சர் ஏன் இப்பிடி" எண்டு கிடந்தா அது நல்ல எழுத்தா இருந்தாலும் அங்க இருக்கக்கூடாது, வேற பக்கத்துக்குத் தூக்கச் சொல்லுங்க. இந்தப் படிக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

ரெண்டாம் படி: செஞ்சு பாருங்க

இதில அவசரப்படாதீங்க. வழக்கமா பாவிக்கிற எக்கவுண்ட்ல இருந்து செஞ்சு பார்த்தா ஒண்டும் பிடிபடாது, ஏனெண்டா உங்கட மெஷினுக்கு ஏற்கனவே எல்லாம் தெரியும். டொக்கர், வேர்ச்சுவல் மெஷின் (உங்கட மெஷினுக்குள்ளயே தனியா, வெறுமையா ஒரு சூழல் திறக்கிற டூல்கள்) எண்டு கனபேர் சொல்லுவாங்க, அதுகள் நல்லதுதான், ஆனா டொங்கிள் டேட்டாவில அந்த இமேஜ் எல்லாம் இறக்கி முடிக்கிறது லேசான வேலை இல்ல. நான் செய்யிறது உபுண்டுவில புதுசா ஒரு யூசர் எக்கவுண்ட் திறந்து அதுக்குள்ள போறது. ஒரு சதம் டேட்டாவும் போகாது, உங்கட என்விரோன்மென்ட் வேரியபிள், எஸ்எஸ்எச் கீ (வேற சேர்வருக்குள்ள போறதுக்கான திறப்பு), செட்டிங்ஸ் இருக்கிற கொன்ஃபிக் ஃபைல் ஒண்டும் அங்க வராது. அண்டைக்கு நான் இதச் செஞ்சிருந்தா ஏழாவது படியில நானே மாட்டியிருப்பன். ஒண்டு கவனிக்கோணும், மெஷின் முழுக்க இன்ஸ்டோல் செஞ்ச சொஃப்ட்வெயர் புது யூசருக்கும் தெரியும், அதால "முன்கூட்டியே தேவையானவை" எண்ட பகுதிய மட்டும் தனியா ஒவ்வொண்டாச் சரிபாருங்க: நோட் ஜேஎஸ் வேணுமா, எந்த வேர்ஷன், டேட்டாபேஸ் எது எண்டு.

பிறகு பக்கத்தத் திறந்து கொமாண்ட் ஒவ்வொண்டையும் கொப்பி செஞ்சு ஒட்டுங்க. டைப் செய்யாதீங்க! டைப் செய்யேக்க கை தானாவே பிழையத் திருத்திப் போடும். கொப்பி செஞ்சா மட்டும்தான் வெளிய வாற பிழைகள் இருக்கு. ஆரோ வேர்ட்ல எழுதி ஒட்டியிருந்தா நேர் மேற்கோள் குறியெல்லாம் வளைஞ்ச மேற்கோள் குறியா மாறிக் கிடக்கும், கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான், டேர்மினலுக்கு வேற. ரெண்டு சின்னக் கோடு போட வேண்டிய இடத்தில ஒரு நீளக் கோடு வந்திருக்கும், ஓப்ஷன் வேலை செய்யாது. கொமாண்டுக்கு முன்னால டொலர் அடையாளம் போட்டிருந்தா அதுவும் சேர்ந்து கொப்பியாகி "கொமாண்ட் நொட் ஃபவுண்ட்" எண்டு வரும், பழகின ஆளுக்கு டொலர விடோணும் எண்டு தெரியும், முதல் நாள் வாற பிள்ளைக்குத் தெரியாது.

பக்கத்தில ஒரு சிஆர் கொப்பிய வச்சுக்கொள்ளுங்க. ஒவ்வொரு படிக்கும் மூண்டு விஷயம் எழுதுங்க: நான் என்ன குடுத்தன், என்ன வந்திது, என்ன வரும் எண்டு பக்கம் சொல்லிச்சு. மூண்டாவது கட்டம் வெறுமையாக் கிடந்தா அதுவும் ஒரு குறைதான், ஏனெண்டா வாசிக்கிறவர் சரியாப் போறாரா இல்லையா எண்டு அவருக்கே தெரியாது. "சேர்வர் ஓடத் தொடங்கினா இந்த வரி தெரியும்" எண்டு ஒரு வரி போட்டா எத்தனையோ பேர்ட இரவு மிச்சம்.

பழசாப்போன பக்கமும் இங்கதான் பிடிபடும். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009ல, அதுக்குப் பிறகும் ஒருத்தருக்கு "துறையில போய் பாதையில (ஆக்கள ஏத்திக் கடக்கிற ஃபெரியில) ஏறுங்க" எண்டு வழி சொன்னா எப்பிடி இருக்கும்? வசனத்தில ஒரு பிழையும் இல்ல, போய்ச் சேர மட்டும் ஏலாது. மெனு இடம் மாறியிருக்கும், பட்டன்ட பேர் மாறியிருக்கும், ஸ்கிரீன்ஷொட் பழைய வேர்ஷனா இருக்கும். இதெல்லாம் செஞ்சு பார்த்தாத்தான் தெரியவரும்.

மூண்டாம் படி: ஆபத்தான இடங்கள்

டேட்டாவ அழிக்கிற கொமாண்ட் இருந்தா எச்சரிக்கை அதுக்கு முன்னுக்கு இருக்கோணும். பின்னுக்கு இருந்தா வாசிக்க முதல் என்டர் அமத்தி முடிஞ்சிரும். ஸ்கிரீன்ஷொட்ல ஏபிஐ கீ (ஒரு சேவையப் பாவிக்கத் தாற ரகசியக் குறி), பாஸ்வேர்ட், ஆற்றயாவது ஈமெயில் தெரியுதா எண்டு பெரிசாக்கிப் பாருங்க. உதாரணத்துக்கு வெப் முகவரி வேணுமெண்டா எக்ஸாம்பிள் டொட் கொம் தான் போடோணும், அது இதுக்கெண்டே ஒதுக்கி வச்சது, 1999ல வந்த ஆர்எஃப்சி 2606 எண்ட இன்டர்நெட் விதி ஆவணத்தில இருக்கு. மனசில வாற பேரெல்லாம் போட்டா அது ஆற்றயோ உண்மையான தளமா இருக்கும்.

நாலாம் படி: மொழி

இதுவரைக்கும் வசனத்தில கை வைக்காதீங்க. தகவலே பிழையான பந்திய அழகாக்கி என்ன பிரயோசனம், பிறகு அத வெட்டத்தான் வரும்.

கூகுள்ட டெவலப்பர் டொக்ஸ் ஸ்டைல் கைடத்தான் நான் பின்பற்றுறன். வாசிக்கிறவர நேரா "நீங்க" எண்டு கூப்பிடு, நிகழ்காலத்தில எழுது, நிபந்தனைய முன்னுக்குப் போடு, இந்த மூண்டும் கனக்க உதவும். நிபந்தனை விஷயத்தில தமிழ் ஆக்களுக்கு ஒரு வசதி இருக்கு. இங்கிலிஷ்ல "டிலீட்ட அமத்துங்க, புரொஜெக்ட அழிக்க வேணுமெண்டா" எண்ட ஒழுங்கில எழுதிப்போடுவாங்க, வாசிச்சுக்கொண்டு போறவர் முதல் பாதியிலயே அமத்திருவார். நாங்க கதைக்கேக்க "புரொஜெக்ட அழிக்கோணுமெண்டா டிலீட்ட அமத்துங்க" எண்டுதான் வரும். அதால இங்கிலிஷ் வசனத்த மனசுக்குள்ள தமிழ்ல ஒருக்கா சொல்லிப் பாருங்க, எது முன்னுக்கு வரோணும் எண்டு தானாத் தெரியும். நான் இப்பவும் அப்பிடித்தான் செய்யிறன்.

"லேசு", "சும்மா இத ஓட்டினாப் போதும்" எண்ட மாதிரிச் சொல்லெல்லாம் எடுத்திருங்க. மூண்டு தரம் செஞ்சும் வராத பிள்ளைக்கு "லேசு" எண்டு வாசிக்கிறது எவ்வளவு பாரம் எண்டு நான் அந்த கோல்ல கேட்டன்.

டூல் எண்டா எழுத விஎஸ் கோட், சரிபார்க்க வேல். வேல் எண்டது எழுத்துநடையில குறை தேடிக் காட்டுற டூல் (லின்டர்), ஸ்டைல ஒருக்கா இறக்கி வச்சா நெட் இல்லாமலே ஓடும், "லேசு" மாதிரிச் சொல்லுக்கெல்லாம் நீங்களே ஒரு சின்ன விதி எழுதலாம். முழுப்பக்கத்தையும் ஏஐயிட்ட குடுத்துத் திருத்தி வாங்கிறத நான் விரும்பல்ல, வசனத்தோட சேர்த்து ஓப்ஷன் பேரையும் மாத்தினா ஆர் பிடிக்கிறது? ஒரு சொல், ரெண்டு சொல் கேட்கிற இடத்தில மட்டும் ஏஐயப் பாவிங்க. வேர்ட் ஃபைல்ல ரிவியூ வேணவே வேணாம்.

அஞ்சாம் படி: கொமென்ட் எழுதுறது

"இது விளங்கல்ல" எண்டு மட்டும் எழுதினா எழுதினவருக்கு ஒரு வழியும் இல்ல. "6ம் படிக்குப் பிறகு புது யூசர்ல செஞ்சு பார்த்தன், டேட்டாபேஸ் முகவரி இல்லையெண்டு பிழை வருது, 2ம் படியில அந்த வேரியபிள வைக்கச் சொல்லி ஒரு வரி போடுவமா?" எண்டு எழுதுங்க. சின்னத் திருத்தமெண்டா கிட்ஹப்ல இருக்கிற சஜெஷன் வசதியில நீங்களே வசனத்த எழுதிக் குடுங்க, அவர் ஒரு கிளிக்ல ஏத்துக்கொள்ளுவார். கட்டாயம் மாத்த வேண்டியது எது, உங்கட விருப்பம் மட்டும் எது எண்டு பிரிச்சுச் சொல்லுங்க. முப்பது கொமென்டும் ஒரே தொனியில வந்தா முக்கியமான ரெண்டும் அதுக்குள்ள தாண்டு போகும்.

பிறகு சேர்த்தது: இத வாசிச்சிட்டு உவர்மலையில இருந்து ஒரு தம்பி, "அக்கா நான் ஒரு சொல்லத்தான் திருத்தினன், முழு ஃபைலும் மாறின மாதிரி காட்டுது" எண்டு கேட்டார். விண்டோஸ்ல வரி முடியிற அடையாளம் வேற, அதத்தான் எடிட்டர் மாத்திப்போட்டுது. விஎஸ் கோட்ல கீழ வலப்பக்க மூலையில சிஆர்எல்எஃப் எண்டு இருந்தா அத அமத்தி எல்எஃப் ஆக்கிச் சேமிங்க, பிறகு உங்கட ஒரு சொல் மட்டும்தான் காட்டும்.

இன்னொண்டும் சேர்த்தது: கிட்ஹப் பிரிவியூவில பட்டியல் வடிவாத் தெரியுது, தளத்தில எல்லாம் ஒரே பந்தியா ஒட்டிக் கிடக்குது எண்டு மூண்டு பேர் எழுதியிருந்தீங்க. எம்கேடொக்ஸ்ல (மார்க்டவுன் ஃபைல்கள வெப்தளமா மாத்துற டூல்) கட்டின தளமெண்டா பட்டியலுக்கு மேல ஒரு வெறும் வரி விடோணும், பட்டியலுக்குள்ள பட்டியல் வந்தா நாலு ஸ்பேஸ் தள்ளோணும், கிட்ஹப் ரெண்டையும் மன்னிச்சு விட்டிரும், எம்கேடொக்ஸ் விடாது. அதால பிரிவியூவ நம்பாம உங்கட மெஷின்லயே தளத்த ஓட்டி, பிரவுசர்ல பக்கத்தப் பார்த்த பிறகு அப்ரூவ் குடுங்க.