கையெழுத்துக்குப் பிறகும் வேலை இருக்கிறது: ஹிஸ்பானிக் சிறு வியாபாரிகளுக்காகச் சட்டமன்றப் படி ஏறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஸ் ஏஞ்சலிஸ் தெருமுனைகளில் வண்ணக்குடை விரித்த தள்ளுவண்டிகளைப் பார்க்கலாம். ஐஸ் மேல் தர்பூசணி, மாம்பழம், வெள்ளரிக்காய். கேட்டதும் துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவித் தருவார்கள். விற்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர். அந்த ஊரில் 2017 வரை இது வழக்குப் போடக்கூடிய குற்றம். 2018இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்.பி. 946 என்ற சட்டம் மாநிலம் முழுவதும் அதை மாற்றியது. நடைபாதை வியாபாரத்துக்கு இனிக் குற்ற வழக்கு கிடையாது, அபராதம் மட்டுமே.

அத்தோடு கலைந்து போவதுதான் நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு. சட்டம் வந்தபிறகும் உணவு விற்பவர்களுக்கு லைசென்ஸ் எட்டாக்கனியாகவே இருந்தது. தடை உட்கார்ந்திருந்தது வேறொரு புத்தகத்தில், மாநில உணவுச் சட்டத்தொகுப்பில். பெரிய உணவு லாரிகளை மனதில் வைத்து எழுதிய விதிகள் அவை. திறந்த வண்டியில் பழம் நறுக்கக்கூடாது. உணவு தயாரிப்பதென்றால் பாத்திரம் கழுவ மூன்று தொட்டி, கை கழுவத் தனித்தொட்டி. இத்தனையும் ஏற்றினால் அந்த வண்டியை ஒரு ஆள் தள்ள முடியாது, நடைபாதையிலும் அடங்காது. வியாபாரிகளும் அவர்களுக்குத் துணைநின்ற அமைப்புகளும் மறுபடி மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போனார்கள். 2022இல் எஸ்.பி. 972 நிறைவேறி, சிறு வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டானது. ஒரே வண்டிக்கு இரண்டு சட்டம், நான்கு ஆண்டு இடைவெளி. நீங்கள் ஒரு மசோதாவுக்காக அலைகிறீர்கள் என்றால், முதல் நாளே கேளுங்கள்: இது நிறைவேறினால் லைசென்ஸ் தருவது யார், அவர் எந்த விதியைப் புரட்டிப் பார்ப்பார்?

அடுத்தது, குறையைச் சொல்லிவிட்டு வாசகத்தை மற்றவர் கையில் விடுவது. “எங்களுக்கு உதவுங்கள்” என்றால் உறுப்பினர் தலையாட்டுவார், அவ்வளவுதான். எந்தப் பிரிவில் எந்த வரி மாற வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எஸ்.பி. 946இல் இரண்டு வரிகளை நான் பலரிடம் காட்டியிருக்கிறேன். அக்கம்பக்கத்தாரின் வெறுப்பையோ, கடைக்காரர்களுக்குப் போட்டி என்பதையோ காரணம் காட்டி உள்ளாட்சி அமைப்பு கட்டுப்பாடு விதிக்க முடியாது என்கிறது ஒன்று. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர் ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்ணைக் கொடுத்தாலும் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்கிறது மற்றொன்று. குடியேறியவர்கள் பலரிடம் இருப்பது அந்த எண்தான்.

அதே எண் கொரோனா காலத்தில் என்ன பாடு படுத்தியது! சிறு நிறுவனங்கள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க 2020 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கிய 34,900 கோடி டாலர் பி.பி.பி. கடன், ஏப்ரல் 16ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. பணம் வங்கிகள் வழியாகப் போனது. வங்கிகள் பலவும் ஏற்கெனவே கடன் கணக்கு வைத்திருந்தவர்களை முதலில் கவனித்தன. மேலாளரைத் தெரியாத சலூன்காரரும் டாக்கோ கடைக்காரரும் வரிசையில் நின்றார்கள். அடுத்த ஒதுக்கீட்டில்தான் சிறிய வங்கிகளுக்கும் சமூக நிதி நிறுவனங்களுக்கும் 6,000 கோடி டாலர் தனியாக வைத்தார்கள். ஐ.டி.ஐ.என். வைத்திருப்போரும் தகுதியுள்ளவர்கள் என்று வெள்ளை மாளிகை தெளிவுபடுத்தியது 2021 பிப்ரவரியில். எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதிலேயே கண் வைத்து, எந்த வாய்க்கால் வழியாக வரும் என்று கேட்காமல் விட்டால் இதுதான் நடக்கும்.

இன அடையாளம் ஒன்றையே நம்பி இருப்பதும் ஆபத்து. பின்தங்கியோரின் சிறு நிறுவனங்களுக்கு மத்திய அரசு ஒப்பந்தங்கள் கிடைக்க உதவும் 8(ஏ) திட்டத்தில் ஹிஸ்பானிக் என்றாலே சமூக ரீதியில் பின்தங்கியவர் என்ற அனுமானம் இருந்தது. 2023 ஜூலையில் டென்னசி மத்திய நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதன்பின் ஒவ்வொரு உரிமையாளரும் தனக்கு நேர்ந்ததை எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. மறுக்கப்பட்ட கடன், கைநழுவிய டெண்டர் இவற்றின் தேதியையும் கடிதத்தையும் பத்திரப்படுத்தியவர்களுக்கு அது முடியும். மற்றவர்கள் திணறினார்கள்.

“நாங்கள் வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனம், லாபி (சட்டத்துக்காக உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டுவது) செய்யக்கூடாது” என்று ஒதுங்குபவர்களும் உண்டு. அது பாதி உண்மை. 501(சி)(3) எனப்படும் இந்தத் தொண்டு அமைப்புகள் தேர்தல் வேட்பாளரை ஆதரிக்கத்தான் கூடாது. வரித்துறையிடம் படிவம் 5768 தாக்கல் செய்தால், செலவில் முதல் 5 லட்சம் டாலரில் 20 சதவீதம் வரை லாபிக்குச் செலவிடலாம்.

ஒரே கட்சியின் வாசலில் மட்டும் நிற்காதீர்கள். காங்கிரஸில் 1976இல் தொடங்கி, இப்போது ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே இருக்கும் ஹிஸ்பானிக் காக்கஸ் என்ற உறுப்பினர் குழுவும் உண்டு, 2003இல் குடியரசுக் கட்சியினர் தொடங்கிய ஹிஸ்பானிக் கான்ஃபரன்ஸும் உண்டு. மயாமியின் கியூபக் குடும்பக் கடையும் லாஸ் ஏஞ்சலிஸின் பழவண்டியும் ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை, ஒரே உதவியைக் கேட்பதுமில்லை.

கடைசியாக, மேடையில் யார் பேசுவது? சங்கத் தலைவர் சரளமான ஆங்கிலத்தில் பேசுவதைவிட, வண்டி தள்ளுபவரே அபராதச் சீட்டைக் கையில் பிடித்தபடி ஸ்பானிஷில் பேசட்டும். கலிஃபோர்னியா நகர மன்றக் கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுபவருக்குக் குறைந்தது இரு மடங்கு நேரம் தரச் சட்டமே சொல்கிறது. பெயர் கொடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். காலை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தவர், இரண்டு நிமிடத்தில் பாதியை மொழிபெயர்ப்புக்கே இழந்துவிட்டுத் திரும்பக்கூடாது.