கேயா, எம்மா? நீள்வட்டச் சார்புகளில் சறுக்கும் இடங்கள்

ஒரு மீட்டர் நீள ஊசலை 90 பாகை விலக்கி விடுகிறோம். ஒருமுறை போய்வர எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளிச் சூத்திரப்படி 2.01 வினாடி. ஆனால் அது சின்ன அலைவுக்குத்தான் பொருந்தும். இவ்வளவு பெரிய அலைவுக்கு முதல் வகை முழு நீள்வட்டத் தொகையீடு (elliptic integral) வேண்டும். சரி, அதைக் கணக்கிட பைத்தானில் சைபை நூலகத்தின் எல்லிப்கே (ellipk) இருக்கிறதே என்று, பாடநூலில் உள்ளபடி விலகல் கோணத்தில் பாதியின் சைனை, அதாவது கே = சைன் 45° = 0.7071 என்று கொடுத்தால் 2.66 வினாடி வரும். சரியான விடை 2.37. எரர் எதுவும் வராது, விடையும் நம்பும்படியே இருக்கும். அதுதான் வம்பு.

சைபை கேட்பது கே அல்ல, அதன் வர்க்கமான எம். 0.5 கொடுத்திருக்க வேண்டும். மற்ற கணித மென்பொருள்களில் மேட்லாபும் மேத்தமேட்டிகாவும் எம் கட்சி. மேப்பிள், சி++ நூலகமான பூஸ்ட், சி++17 எல்லாம் கே கட்சி. ஜிஎஸ்எல் (குனு அறிவியல் நூலகம்) இன்னும் மோசம்: தொகையீடுகளுக்கு கே, அவற்றின் நேர்மாறிலிருந்து வரும் ஜாக்கோபி சார்புகளுக்கு எம். ஒரே வீட்டுக்குள் இரண்டு சமையல்!

‘0 கொடுத்தேன், பை/2 வந்தது, எல்லாம் சரி’ என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. 0-வின் வர்க்கமும் 0-தானே, அந்தச் சோதனை எதையும் காட்டிக்கொடுக்காது. 1-உம் அப்படியே. 0.5 கொடுத்துப் பாருங்கள். 1.8541 வந்தால் எம், 1.6858 வந்தால் கே. புது நூலகத்தைத் தொட்டதும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

கோணமும் சேரும் முழுமையற்ற தொகையீடுகளில் வரிசையையும் பாருங்கள். சைபையில் கோணம் முதலில், பூஸ்டில் கே முதலில். கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். மூன்றாம் வகையில் கூடுதலாக ‘என்’ என்ற எண்ணும் வரும்; ஜிஎஸ்எல் அதன் குறியை மற்றவர்களுக்கு எதிராக வைத்திருக்கிறது.

அப்புறம், எம் 1-ஐ நெருங்கும் இடம். ஊசலைக் கிட்டத்தட்டத் தலைகீழாக நிறுத்தி விடும்போது இது வரும். 1-க்கும் எம்முக்கும் இடைவெளி 10⁻²⁰ என்றால், சுமார் 16 இலக்கமே பிடிக்கும் இரட்டைத் துல்லிய எண்ணில் எம் 1 என்றே பதிவாகிவிடும். எல்லிப்கே முடிவிலியைத் தரும். உண்மையான மதிப்போ வெறும் 24.41. இதற்கென்றே சைபையில் எல்லிப்கேஎம்1 இருக்கிறது, அது அந்த இடைவெளியையே உள்ளீடாக வாங்கும். அந்த இடைவெளியையும் 1-இலிருந்து எம்மைக் கழித்துக் கண்டுபிடித்தால் பழைய கதைதான். ஊசலில் அது விலகல் கோணத்தில் பாதியின் கொசைன் வர்க்கம்; நேராக அதையே கணக்கிட்டுக் கொடுங்கள்.