சிறு பட்டறைக்கு ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ்: முதல் நாள் முதல் தணிக்கை வரை

கோயம்புத்தூரில் பம்புகளுக்கான ஷாஃப்ட்டுகளை (சுழல்தண்டுகளை) கடைந்து தரும், இருபது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு பம்பு நிறுவனம், அடுத்த ஆண்டு முதல் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டுமே ஆர்டர் தரப்படும் என்று கடிதம் அனுப்புகிறது. கடிதத்தைப் படித்த உரிமையாளர், சான்றிதழை யாரிடம் வாங்கலாம் என்று அன்றைக்கே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார். அந்த விசாரிப்பைச் சில மாதங்கள் தள்ளிவைத்துவிட்டு, தம் பட்டறையில் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை எழுத உட்கார வேண்டும் என்பதே, சிறு பட்டறைகளின் தரப்பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் சொல்லும் முதல் யோசனை.

ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1947 முதல் இயங்கிவரும் ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு, தர மேலாண்மைக்கான 9001 என்ற இந்தத் தரநிலையை 1987-இல் முதன்முதலாக வெளியிட்டு, 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தியது. நான் இங்கே விளக்குவது 2015 பதிப்பை. ஐஎஸ்ஓ தரநிலையை எழுதுவதோடு சரி; அது யாருக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை. இந்தத் தரநிலை உங்கள் ஷாஃப்ட் நல்ல ஷாஃப்ட் என்றும் சொல்வதில்லை. வாடிக்கையாளர் கேட்டதைத் தவறாமல் செய்து கொடுக்கும் ஒழுங்கு உங்களிடம் இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

முதல் படி: தரநிலையைப் படித்து எல்லையை வகுத்தல்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதே தரநிலையை ஐஎஸ்/ஐஎஸ்ஓ 9001 என்ற பெயரில் வெளியிடுகிறது. ஒரு பிரதியைப் பெற்று, நிபந்தனைகள் அடங்கிய 4 முதல் 10 வரையுள்ள பிரிவுகளை ஒருமுறையாவது உரிமையாளரே படிக்க வேண்டும். பிறகு எந்த முகவரியில், எந்த வேலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும்: "வாடிக்கையாளரின் வரைபடப்படி பம்பு ஷாஃப்ட்டுகளைக் கடைந்து, கிரைண்டிங் செய்து வழங்குதல்." வரைபடம் எப்போதும் வாடிக்கையாளரிடமிருந்தே வருகிறது என்றால், வடிவமைப்பைப் பற்றிய 8.3 பிரிவு உங்களுக்குப் பொருந்தாது என்று காரணத்தோடு குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஒரு ஆர்டரின் பின்னால் நடத்தல்

நேற்று வந்த ஏதாவது ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு, அது வந்த நொடியிலிருந்து பொருள் வண்டியில் ஏறும்வரை அதன் பின்னாலேயே செல்லுங்கள். யார் ஆர்டரைப் பார்த்தார், நம்மால் முடியும் என்று யார் ஒப்புக்கொண்டார், கம்பி எங்கே வாங்கப்பட்டது, கம்பியோடு வந்த சோதனை அறிக்கையை யார் சரிபார்த்தார், முதல் ஷாஃப்டை அளந்து பார்த்து உற்பத்தியைத் தொடங்கச் சொன்னவர் யார், வெப்பப் பதப்படுத்தலுக்கு வெளியே அனுப்பிய பொருள் திரும்பி வந்தபோது கடினத்தன்மையை யார் சோதித்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதுங்கள். இருபது பேர் உள்ள இடத்தில் இது மூன்று நான்கு பக்கங்களைத் தாண்டாது. லேத்தில் நிற்பவரிடமே கேட்டு எழுதிய அந்தப் பக்கங்கள்தாம் உங்கள் அமைப்பின் முதுகெலும்பு. வேறொரு நிறுவனத்தின் கோப்பில் பெயரை மட்டும் மாற்றி வாங்கிவரும் தடித்த கையேடு இதற்கு ஈடாகவே ஆகாது. 2015 பதிப்பு தரக் கையேடு கட்டாயம் என்றும் சொல்லவில்லை.

எழுதும்போதே இடறும் இடங்கள் கண்ணில் படும். கம்பி வாங்கும் கடை ஒன்றே ஒன்று, கிரைண்டிங் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்பன போன்றவற்றைத் தனித்தாளில் குறித்து, எதற்கு என்ன ஏற்பாடு என்று எதிரே எழுதிவிட்டால், இடர்களைப் பற்றிய 6.1 பிரிவின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். பருவநிலை மாற்றம் தங்கள் தொழிலைப் பாதிக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என 2024-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தையும் இதே தாளில் கவனித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: கொள்கையும் இலக்கும்

தரக் கொள்கை நான்கு வரி போதும். இலக்குகளில் எண் இருக்க வேண்டும். "தரத்தை மேம்படுத்துவோம்" என்பதை யாராலும் அளக்க முடியாது. "வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் ஷாஃப்ட்டுகளை நூற்றுக்கு இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைப்போம், மார்ச் மாதத்திற்குள்" என்பதை அளக்க முடியும்.

நான்காம் படி: வரைபடங்களும் அளவுக் கருவிகளும்

சிறு பட்டறைகள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வாடிக்கையாளர் திருத்தி அனுப்பிய வரைபடம் அலுவலகக் கணினியில் இருந்தது. இயந்திரத்தின் அருகே ஒட்டியிருந்ததோ ஆறு மாதத்துப் பழைய தாள். ஒரு ஷிஃப்ட் முழுவதும் கடைந்த ஷாஃப்ட்டுகளில் சாவிப்பள்ளம் (சக்கரத்தை ஷாஃப்டோடு பிணைக்கும் சாவி உட்காரும் பள்ளம்) பழைய அளவில் இருந்ததால் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கடைந்தவர் மேல் எள்ளளவும் தவறில்லை. அன்று முதல் நாங்கள் ஒவ்வொரு வரைபடத்திலும் திருத்த எண்ணைச் சிவப்பு மையால் எழுதி, புதியது வந்தால் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொண்டுதான் புதியதைக் கொடுப்பது என்று வழக்கப்படுத்தினோம். ஆவணக் கட்டுப்பாடு என்று 7.5 பிரிவு கேட்பது இதைத்தான்.

அளவுக் கருவிக்கு வருவோம். 25 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்திற்கு எச்6 (சிறிய எழுத்தில் h6) என்ற அளவு வரம்பைக் கேட்டிருந்தால், விட்டம் 25.000-க்கும் 24.987-க்கும் இடையே இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு வெறும் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). மீச்சிற்றளவு, அதாவது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. உள்ள மைக்ரோமீட்டரால் இதை நம்பி அளக்கவே முடியாது, 0.001 மி.மீ. காட்டும் கருவி வேண்டும். அந்தக் கருவியிலேயே 5 மைக்ரான் சுழிப்பிழை (பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் வேறு அளவு காட்டும் பிழை) இருந்தால், கெட்ட ஷாஃப்ட்டுகள் நல்லவையாகத் தேறிப் போய்விடும். ஆகவே கருவி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, பட்டியலிட்டு, குறித்த கால இடைவெளியில் அளவுத்திருத்தம் (சரியான அளவோடு ஒப்பிட்டுப் பிழையைக் காணுதல்) செய்ய வேண்டும். ஆய்வகங்களை அங்கீகரிக்கும் இந்திய அமைப்பான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செய்துகொள்வது நல்லது. ஆய்வக அறிக்கை வந்ததும் கோப்பில் செருகிவிடாமல், அதிலுள்ள பிழை உங்கள் வேலைக்கு ஏற்கத்தக்கதா என்று ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தணிக்கையாளர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது.

ஐந்தாம் படி: கழித்த பொருளும் திருத்த நடவடிக்கையும்

அளவு தவறிய ஷாஃப்ட்டுகளை நல்லவற்றோடு கலந்துவிடாதபடி பூட்டு உள்ள சிவப்புப் பெட்டியில் வையுங்கள். அவற்றை மீண்டும் கடைந்து சரிசெய்வதா, வாடிக்கையாளரிடம் ஒப்புதல் கேட்பதா, கழிப்பதா என்று முடிவு செய்பவர் இன்னார் என்றும் எழுதுங்கள். அடுத்து, அது ஏன் நேர்ந்தது என்ற கேள்வி. நான் பார்த்த பதிவேடுகளில், திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் மிகுதியாகக் கண்ட வரி "இனிமேல் கவனமாக இருக்கும்படி தொழிலாளிக்கு அறிவுறுத்தப்பட்டது" என்பது. எனக்கு இந்த வரியைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அதே தவறு மூன்று மாதத்தில் இன்னொருவர் கையால் மறுபடி நடக்கும். வெட்டுக்கருவி தேய்ந்ததால் அளவு கூடியது என்றால், எத்தனை ஷாஃப்டுக்கு ஒருமுறை கருவி முனையை மாற்ற வேண்டும் என்று எண்ணிக் கண்டு, அதை இயந்திரத்தின் அருகே எழுதி வைப்பதே திருத்தம். சில வாரங்கள் கழித்து, அது பலித்ததா என்று பார்த்துப் பதிவதும் 10.2 பிரிவின் பகுதியே.

ஆறாம் படி: உள்தணிக்கையும் மேலாண்மை மீளாய்வும்

மூன்று மாதப் பதிவுகளாவது சேர்ந்த பிறகு உள்தணிக்கை செய்யுங்கள். தம் வேலையைத் தாமே தணிக்கை செய்யாதபடி, கொள்முதல் பார்ப்பவர் ஆய்வுப் பிரிவையும், ஆய்வு செய்பவர் கொள்முதலையும் பார்க்கலாம். அந்த முடிவுகள், வாடிக்கையாளர் புகார்கள், இலக்குகளின் நிலை ஆகியவற்றை வைத்து உரிமையாளர் தலைமையில் ஒரு கூட்டம் நடத்தி, எடுத்த முடிவுகளைப் பதிவுசெய்ய வேண்டும்.

ஏழாம் படி: சான்றளிப்பு நிறுவனமும் தணிக்கையும்

விண்ணப்பிக்க வேண்டியது இப்போதுதான். சான்றளிக்கும் நிறுவனத்தையே சரிபார்த்து அங்கீகரிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. இந்தியாவில் அது இந்தியத் தரக் குழுமத்தின் கீழுள்ள என்ஏபிசிபி. அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. பட்டறைக்கு வராமலேயே இரண்டு நாளில் சான்றிதழ் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆலோசனையும் நாங்களே, சான்றிதழும் நாங்களே என்பவர்களையும் நம்பாதீர்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம், தான் சான்றளிக்கும் பட்டறைக்குத் தானே ஆலோசகராக இருக்கக் கூடாது என்பது விதி. தணிக்கைக்கான நாள்களுக்கும் கணக்கு உண்டு: 16 முதல் 25 பேர் வரை உள்ள இடத்திற்குப் பன்னாட்டு அங்கீகார மன்றம் வகுத்த அட்டவணை காட்டும் தொடக்கக் கணக்கு, இரு கட்டங்களுக்கும் சேர்த்து 3 நாள். வேலையின் தன்மையைப் பொறுத்து அது கூடும், குறையும்.

முதல் கட்டத்தில் ஆவணங்களையும் நீங்கள் ஆயத்தமாக இருக்கிறீர்களா என்பதையும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் தணிக்கையாளர் லேத்தின் அருகே நின்று தொழிலாளியிடமே பேசுவார். எழுதியிருப்பதும் நடப்பதும் ஒன்றாக இருந்தால் யாரையும் ஒப்பிக்கப் பழக்க வேண்டியதில்லை. சிறு இணக்கமின்மைகளுக்கு (நிபந்தனைக்குப் பொருந்தாத இடங்களுக்கு) திருத்தத் திட்டம் கொடுத்து அது ஏற்கப்பட்டால் போதும். பெரிய இணக்கமின்மை இருந்தால், அது சரிசெய்யப்பட்டதை அவர்கள் உறுதிசெய்த பிறகே சான்றிதழ் வரும். ஆறு மாதத்திற்குள் அது முடியாவிட்டால் இரண்டாம் கட்டத்தை மறுபடி நடத்த வேண்டியிருக்கும்.

சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இடையே ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. சான்றிதழ் பெற்றதை உங்கள் கடிதத்தாளில் குறிப்பிடலாம், ஆனால் ஷாஃப்டின் மேலோ அதன் பெட்டியின் மேலோ பொருளுக்கே சான்று கிடைத்ததுபோல் அச்சிடக் கூடாது. ஐஎஸ்ஓவின் சின்னத்தையும் பயன்படுத்தக் கூடாது. பட்டறையை வேறிடத்திற்கு மாற்றினாலோ, வெப்பப் பதப்படுத்தலை நீங்களே செய்யத் தொடங்கினாலோ, அடுத்த தணிக்கைவரை காத்திருக்காமல் சான்றளிப்பு நிறுவனத்துக்கு உடனே எழுதித் தெரிவியுங்கள்.