பெரிய கம்பெனி நிழலில் சின்ன சாஃப்ட்வேர் கடை: எங்கே தடுக்குகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுனில், கடைவீட்டு மாடியில் நாலு கணினியோடு சாஃப்ட்வேர் தொழில் செய்கிறவருக்குப் பெரிய கம்பெனி எதிரியே இல்லை. அதன் அக்கவுண்டிங் மென்பொருளை விற்று, தோட்ட ஆபீசில் போட்டுக் கொடுத்து, கூடவே தன் சரக்கையும் சேர்த்து விற்கிறார். பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. சிக்கல், எந்த இடத்தில் கடை விரிக்கிறோம் என்பதில்தான்.

பெரியவர் இன்று விட்டுவைத்த சின்ன இடைவெளியை மட்டும் நிரப்புவது முதல் தவறு. செம்பனைக் கன்று சின்னதாக இருக்கும்வரை ஊடே வாழை போடலாம். மட்டை விரிந்துவிட்டால் வாழைக்கு வெயில் கிடையாது. இணையத் தகவல்களைத் தேடித் தந்த வாட்சன் என்ற மேக் மென்பொருளுக்கு 2002இல் இதுதான் நடந்தது. ஆப்பிள் தன் தேடல் மென்பொருளான ஷெர்லாக் 3இல் கிட்டத்தட்ட அதே வசதிகளைச் சும்மாவே கொடுத்துவிட்டது. நம் நாட்டில் மின்-விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) 2024 ஆகஸ்ட் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளமோ இலவசம். விலைப்பட்டியலை அனுப்பும் பட்டனை மட்டும் விற்றால் எத்தனை நாள் ஓடும்?

பெரியவர் எட்டிப் பார்க்காத இடம் தோட்டச் சம்பளக் கணக்கு. செம்பனை வெட்டுகிறவருக்குக் குலைக்கு ஒரு கணக்கு, உதிரிப்பழத்துக்கு இன்னொன்று. பால்மரமென்றால் பாலின் எடை, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு, கோப்பையில் உறைந்தது தனி. மழையால் வெட்டு நின்ற நாளுக்கு என்ன கூலி? பொது விடுமுறையில் வேலை செய்தால்? அப்புறம் சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தம். தோட்டக் குமாஸ்தாவான கிராணியோடு உட்கார்ந்து, வேலை நாளும் கூலியும் பதியும் செக்ரோலைப் பக்கம் பக்கமாகப் பார்த்தவரால்தான் இதை எழுத முடியும். அலுப்பான வேலைதான், அந்த அலுப்புதான் நமக்குக் காவல்.

நேர் எதிரான தவறும் உண்டு: பெரியவர் வருகிறார் என்றதும் கடையை மூட நினைப்பது. இன்ட்யூட் கம்பெனியின் வரவு செலவு மென்பொருளான குயிக்கன், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மேலேயே ஓடி, மைக்ரோசாஃப்ட் மணியோடு போட்டி போட்டது. போட்டியில் வெல்ல முடியாமல் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூட்டையே வாங்கப் பார்த்தது. அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட, 1995இல் பின்வாங்கியது. 2009இல் மணியின் விற்பனையே நின்றது.

பெரிய கம்பெனி தரும் கமிஷனை மட்டும் நம்பாதீர்கள். அந்த விகிதத்தை முடிவு செய்வது நீங்கள் இல்லை.

ஒரே குழாயில் எல்லாத் தண்ணீரையும் பிடிப்பது இன்னும் ஆபத்து. 2023 ஜனவரியில் ட்விட்டர் வெளியார் செயலிகளுக்கான வழியை அடைத்ததும் ட்விட்டரைப் படிக்க உதவிய ட்வீட்பாட் போன்றவை முன்னறிவிப்பில்லாமல் நின்றன. அதனால் வாடிக்கையாளருக்குப் போகும் பில் உங்கள் பெயரில் போகட்டும். சம்பள நாளில் கணக்கு உதைத்தால் கிராணி கூப்பிடுவது உங்கள் நம்பராக இருக்கட்டும்.

கூட்டு முறிந்தால் எத்தனை மாத அவகாசம், தரவை யார் எடுத்துப் போகலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே "அதெல்லாம் பாத்துக்கலாம் பிரதர்" என்று சொன்ன விற்பனை மேலாளர், அடுத்த வருஷம் வேறு கம்பெனியில் இருக்கக்கூடும்.